பரிசீலனையில் இருக்கும் வீக்கம்

கண்டக்டர் தன் மனைவியை நாளுக்குப் பல தடவை தூக்குவார். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு, அங்கிருந்து திரும்ப நாற்காலிக்கு. மாடிப்படியில் விழுந்து முதுகெலும்பில் அடிபட்டதிலிருந்து அந்த அம்மாளுக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் வேலை செய்யவில்லை. இடுப்புக்கு மேலே, முக்கியமாக வாய், முன்னைவிட நன்றாகவே வேலை செய்தது. இரண்டு கைகளையும் கணவர் கழுத்தில் கோத்துக்கொண்டு, "கல்யாணமான புதுசுலகூட இப்படிக் கட்டிப்பிடிச்சதில்ல இந்த மனுஷன்" என்பார். பஸ்ஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கண்டக்டர், பழக்கதோஷத்தில் "ரைட்" என்று சொல்லித் தூக்குவார்.

அப்படி ஒரு காலையில் "ரைட்" சொன்னபோதுதான் வலது தொடை மடிப்புக்கு மேலே ஏதோ ஒன்று பொசுக்கென்று எட்டிப் பார்த்தது. எலுமிச்சம்பழம் அளவு. படுத்தால் உள்ளே போனது. நின்றால் வெளியே வந்தது. இருமினால் ஓடியே வந்தது.

"யாரோ விருந்தாளி வந்திருக்கார் போல" என்றார் மனைவி. "எங்கிருந்து வர்றார், எத்தனை நாள் தங்குவார்னு பெரியாஸ்பத்திரியில கேட்டுட்டு வாங்க."

பெரியாஸ்பத்திரி கண்டக்டருக்குப் புதிதில்லை. புற்று பிடித்த புரோஸ்டேட் சுரப்பியை முந்தைய வருஷம் அங்கேதான் எடுத்தார்கள். எடுத்தவர் சிறுநீரகப் பிரிவின் தலைவர். உயிரைக் காப்பாற்றியவர் என்கிற நன்றியோடு கண்டக்டர் முதலில் அவரிடமே போனார்.

தலைவரின் அறையில் சுவர் தெரியாத அளவுக்குக் கேடயங்கள்.

"எப்படி இருக்கீங்க? நல்லா இருப்பீங்க" என்று கேள்வியையும் பதிலையும் தலைவரே சொல்லி முடித்தார்.

"நல்லா இருக்கேன் சார். இங்க மட்டும் ஒரு வீக்கம்..." கண்டக்டர் பெல்ட்டில் கை வைத்தார்.

தலைவர் நாற்காலியோடு பின்னால் உருண்டார். "கழட்டாதீங்க!"

"பார்த்தாத்தானே சார்..."

"பார்த்தா எழுதணும். எழுதினா கணக்குல வந்துடும்." தலைவர் குரலைத் தணித்துக்கொண்டார். "இங்க பாருங்க. இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் சில பேருக்குக் குடல் இறங்கும். மத்த ஆஸ்பத்திரிகள்ல நிறையப் பேருக்கே இறங்குது. ஆனா என் நோயாளிகள்ல ஒருத்தருக்கும் இறங்கினதில்ல. அதைப் புஸ்தகத்துலயே எழுதியிருக்கேன். புஸ்தகம் அச்சாகி வந்துடுச்சு."

"அப்போ இது என்ன சார்?"

"அது உங்க சொந்த விஷயம். வலிக்குதா?"

"தூக்கும்போது வலிக்குது சார்."

"தண்ணி ஜக்குக்கு மேல எதையும் தூக்கக் கூடாது."

"என் சம்சாரத்தைத் தூக்கணும் சார். அவங்களால நடக்க முடியாது."

"சம்சாரம் ஜக்கைவிடக் கனமா?"

கண்டக்டர் நேர்மையான மனிதர். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னார். "கனம்தான் சார்."

"பார்த்தீங்களா!" என்றார் தலைவர், நோயின் மூலகாரணத்தைக் கண்டுபிடித்துவிட்ட திருப்தியோடு.

குடலிறக்கத்தைச் சரிசெய்கிறவர்கள் எதிர்க்கட்டடத்தில் இருந்தார்கள். வயிற்றைக் கிழிக்காமல், சின்னச் சின்னத் துளைகள் போட்டு, ஒன்றில் கேமராவையும் மற்றவற்றில் நீளக் கம்பிகளையும் விட்டு, உள்ளிருந்தே வலை வைத்து அடைத்துவிடும் லேப்ராஸ்கோப்பி பிரிவு அது. காத்திருக்கும் கூடத்தில் பெரிய திரையில் யாரோ ஒருவருடைய வயிற்றின் உட்புறம் வயலின் இசையோடு ஓடிக்கொண்டிருந்தது. நோயாளிகள் அதைப் பார்த்துக்கொண்டே பிஸ்கட் தின்றார்கள்.

இந்தப் பிரிவின் தலைவர் தாராளமானவர். பார்த்தார், தொட்டார், இருமச் சொன்னார். "அருமையான ஹெர்னியா" என்று பாராட்டவும் செய்தார். கண்டக்டருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த கேள்வியில் எல்லாம் கெட்டது.

"புரோஸ்டேட் எடுத்தாச்சா? அப்போ ஏற்கெனவே ஒருத்தர் போயிட்டு வந்த வயிறா இது?" தலைவர் கையுறையைக் கழற்றிவிட்டார். "உள்ள எல்லாம் ஒட்டிப்போய்க் கிடக்குமே. நாங்க வலை வைக்கிற இடத்துலயே அவர் வேலை பார்த்து வெச்சிருக்கார்."

"அப்போ முடியாதா சார்?"

"முடியாதுன்னு யார் சொன்னா? எங்களால முடியாததுன்னு ஒண்ணு கிடையாது. எங்க வெற்றி நூத்துக்கு நூறு. எப்படி வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? தோத்துடுவோமோன்னு லேசா சந்தேகம் வந்தாலே நாங்க தொடறதில்ல."

அவருக்குப் பின்னால் நின்றிருந்த இளம்பெண்ணைச் சின்ன டாக்டர் என்று அழைத்தார்கள். "சார், ஒட்டியிருந்தா மெதுவாப் பிரிச்சு எடுத்துட்டு..." என்று அவர் ஆரம்பித்தார். தலைவர் திரும்பிப் பார்த்தார். சின்ன டாக்டர் ஜன்னலைப் பார்த்தார்.

"பழைய மாதிரி மேலால கிழிச்சுத் தைச்சுட்டாக்கூடப் பரவால்லீங்க சார்" என்று கண்டக்டர் கெஞ்சினார்.

"இந்தக் கட்டடத்துல அந்த வார்த்தையைப் பேசாதீங்க. கிழிக்கிற சர்ஜன்களையெல்லாம் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பியாச்சு. நீங்க புரோஸ்டேட் ஆபரேஷனுக்கு முன்னாடியே எங்ககிட்ட வந்திருக்கணும்."

"அப்போ எனக்கு ஹெர்னியா இல்லீங்களே சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

இரண்டு பிரிவும் கைவிட்ட நோயாளிகளுக்கென்று ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டுக் கமிட்டி இருந்தது. அது எப்போதாவதுதான் கூடும். கண்டக்டரின் விருந்தாளி அதற்குள் எலுமிச்சையிலிருந்து ஆரஞ்சு அளவுக்கு வந்துவிட்டார். கண்டக்டர் ஒரு கையால் அவரை அமுக்கிப் பிடித்துக்கொண்டே நடக்கப் பழகினார். மனைவியைத் தூக்கும்போது மட்டும் அந்தக் கையும் தேவைப்பட்டது.

கமிட்டி கூடிய நாளில் கண்டக்டரை ஒரு நீண்ட மேஜையில் படுக்க வைத்தார்கள். படுத்தவுடன் வீக்கம் உள்ளே போய்விட்டது. உறுப்பினர்கள் மேஜையைச் சுற்றி வந்தார்கள்.

"வீக்கம் காணப்படவில்லை" என்றார் சிறுநீரகத் தலைவர்.

"நின்னா வரும் சார்" என்று கண்டக்டர் எழுந்து நின்றார். அது வந்தது.

"ஐயா, பரிசோதனை முடிஞ்சுடுச்சு. முடிஞ்சதுக்கு அப்புறம் வர்றதை நாங்க எப்படி ஏத்துக்கிறது?"

லேப்ராஸ்கோப்பித் தலைவர் பெருந்தன்மையோடு குறுக்கிட்டு, நின்றபடியே பார்க்கலாம் என்றார். அடுத்து, இது யாருடைய இடம் என்ற கேள்வி வந்தது. சிறுநீரகத் தலைவர் பச்சை மார்க்கரால் கண்டக்டரின் அடிவயிற்றில் ஒரு கோடு போட்டார். "இதுக்கு மேல நான் வேலை பார்த்தேன். இதுக்குக் கீழ எனக்குச் சம்பந்தமில்ல." மற்றவர் ஊதா மார்க்கரை எடுத்தார். "இதுக்குக் கீழதான் நான். மேல இருந்து இறங்கி வர்றவங்களுக்கு நான் பொறுப்பில்ல." இரண்டு கோடுகளுக்கும் நடுவில் ஒரு விரல்கடை இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியில் கண்டக்டரின் வீக்கம் உருண்டையாக நின்றது.

"இருமுங்க."

இருமினார். அது ஊதாவைத் தாண்டியது.

"மூச்சை இழுங்க."

இழுத்தார். அது பச்சைக்குத் திரும்பியது.

"நிலையில்லாத கேஸ்" என்று இருவரும் முதன்முறையாக ஒத்துப்போனார்கள். அப்போது தேநீர் வந்தது. கண்டக்டர் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். இதைக் கருத்தரங்கில் வைத்து விவாதிப்பது என்று முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்து கோடுகளைக் காட்டினார். மனைவி சிரிக்கவில்லை. "வலிக்குதாங்க?" என்று மட்டும் கேட்டார். "சேச்சே" என்றார் கண்டக்டர். சொல்லும்போதே உதடு கோணியது.

கருத்தரங்கு மண்டபத்தில் அவரை மேடையில் ஒரு திரைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். நோயாளியின் மானம் காக்கப்பட வேண்டும் என்பதில் ஆஸ்பத்திரி இயக்குநர் கண்டிப்பானவர். எனவே முகம் தெரியாமல், தேவையான இடம் மட்டும் தெரியும்படி திரையில் ஒரு ஓட்டை வெட்டியிருந்தார்கள். அந்த இடத்துக்குத் தனியாக ஒரு விளக்கும் போட்டிருந்தார்கள்.

புரோஸ்டேட் எடுத்த ஆண்களுக்கு லேப்ராஸ்கோப்பியில் குடலிறக்கம் சரிசெய்யலாம் என்று ஒரு அணி. கூடாது என்று ஒரு அணி. செய்யலாம் அணி, பழகிய கைகள் உலகமெங்கும் இதைச் செய்கின்றன என்று படங்கள் காட்டியது. கூடாது அணி, பழகாத கைகளால் என்ன ஆகும் என்று அதைவிடப் பெரிய படங்கள் காட்டியது. திரைக்குப் பின்னால் நின்ற கண்டக்டருக்கு, செய்யலாம் அணித் தலைவரின் குரல் தெரிந்த குரலாகப் பட்டது. எட்டிப் பார்த்தார். அருமையான ஹெர்னியா என்று சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றியவர்தான்.

இடைவேளையில் அவரைப் பிடித்துக்கொண்டார். "சார், செய்யலாம்னுதானே பேசினீங்க? எனக்குச் செஞ்சுடுங்களேன்."

"அது மேடையில எனக்குக் கொடுத்த பக்கம்யா. குலுக்கல்ல விழுந்தது" என்றார் அவர், சமோசாத் துணுக்கைத் துடைத்துக்கொண்டே.

இறுதியில் இயக்குநர் பேசினார். "இன்று இரண்டு அணிகளும் வென்றன. ஒரு மருத்துவமனையின் பெருமை அது எத்தனை பேரைக் குணப்படுத்துகிறது என்பதில் இல்லை. எவ்வளவு ஆழமாகச் சிந்திக்கிறது என்பதில் இருக்கிறது. குணமாகிவிட்ட நோயாளியால் சிந்தனைக்கு என்ன பயன்? அவர் வீட்டுக்குப் போய்விடுகிறார். ஆகவே அவசரப்பட வேண்டாம். பரிசீலனை தொடரட்டும்." கைதட்டல் ஓயவே இல்லை. திரைக்குப் பின்னாலிருந்தவரை அனுப்ப மறந்துவிட்டு எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள்.

அன்று வீடு திரும்பியபோதுதான் கண்டக்டர் மனைவியின் உதடுகளைக் கவனித்தார். வெடித்து, தோல் உரிந்து கிடந்தன. பக்கத்தில் காலையில் வைத்துவிட்டுப் போன தண்ணீர்ப் பாட்டில் திறக்காமல் அப்படியே இருந்தது. அதற்கு முந்தைய நாள் வைத்ததும் கட்டிலுக்கடியில் அப்படியே இருந்தது.

"ஏம்மா தண்ணி குடிக்கல?"

"தாகமில்ல."

"பொய் சொல்லாத."

மனைவி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "குடிச்சா பாத்ரூம் போகணும். போகணும்னா நீங்க தூக்கணும். தூக்கும்போது நீங்க பல்லைக் கடிக்கிறது என் காதுக்குப் பக்கத்துல கேக்குதுங்க. ஒவ்வொரு தடவையும் கேக்குது."

கண்டக்டர் கட்டிலில் உட்கார்ந்து அழுதார். புற்றுநோய் என்று சொன்ன அன்றுகூட அவர் அழவில்லை. பிறகு பாட்டிலைத் திறந்து, மிரட்டி, கெஞ்சி, முழுவதையும் குடிக்க வைத்தார்.

மறுநாள் மத்தியானம் மனைவியைத் தூக்கினார். "ரைட்" என்ற சொல் பாதியிலேயே நின்றது. உள்ளே எதுவோ இறுகிப் பூட்டிக்கொண்டது போலிருந்தது. இருவரும் ஒன்றாகத் தரையில் சரிந்தார்கள். படுத்தும் வீக்கம் உள்ளே போகவில்லை. கல்லாகி நின்றது. கண்டக்டர் சுருண்டுகொண்டு வாந்தியெடுத்தார். முகம் சாம்பலாகிவிட்டது.

மாடிவீட்டுத் தையல்காரம்மாவைக் கூப்பிட்டுப் பார்த்தார் மனைவி. மேலே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, கேட்கவில்லை. முழங்கைகளை ஊன்றி, செத்த கால்களை இழுத்துக்கொண்டு தரையில் தவழ்ந்து போனார். தொலைபேசியின் ஒயரைப் பிடித்து இழுத்தார். அது மேஜையிலிருந்து விழுந்து அவர் தோளில் அடித்தது.

அவசரப் பிரிவில் ஓர் ஆண் எடுத்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "அந்த ஹெர்னியாக்காரரா? அவர் கேஸ் கமிட்டியில இருக்கும்மா. பரிசீலனையில இருக்கிற கேஸை நாங்க அவசரம்னு எடுத்தா கமிட்டியை அவமதிச்ச மாதிரி ஆயிடும். முடிவு வந்ததும் உங்களுக்குத் தகவல் வரும்."

"அவர் செத்துக்கிட்டிருக்காருங்க."

"அதையும் கமிட்டிக்குத் தெரியப்படுத்துங்க" என்று வைத்துவிட்டார்.

அந்த அம்மாள் கணவரைப் பார்த்தார். ஒரு காலத்தில் இந்த அம்மாள் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருந்தவர். பெரிய பதவியில் இருக்கிறவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று ஆயுள் முழுக்கக் காதில் வாங்கியவர். அவர்கள் வணக்கம் சொல்ல மாட்டார்கள். காரணம் சொல்ல மாட்டார்கள். வாக்கியத்தை முடிக்க மாட்டார்கள். அவர் கண்ணைத் துடைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, மறுபடியும் எண்ணைச் சுழற்றினார்.

"இயக்குநர் ஆபீஸ். எமர்ஜென்சி கொடு."

ஆஸ்பத்திரித் தொலைபேசிக்காரர் எழுந்து நின்றது நாற்காலிச் சத்தத்தில் தெரிந்தது.

"எமர்ஜென்சியா? லைன்ல இருங்க... கண்டக்டர் கேஸ். ஹெர்னியா. ஐயா கேக்கிறார், இன்னும் ஆம்புலன்ஸ் போகலையான்னு."

"மேடம், அது கமிட்டியில..."

"ஓ. அப்போ ஐயாகிட்ட நீங்களே அதை..."

"போயாச்சு மேடம்! கிளம்பிடுச்சு மேடம்!"

"லேப்ராஸ்கோப்பி கொடு... தியேட்டர் ரெடியா?"

"மேடம், தலைவர் வெளியூர் மாநாட்டுல இருக்கார். சின்ன டாக்டர் மட்டும்தான்..."

"அவங்களைத்தான் ஐயா சொன்னார்."

போனை வைத்துவிட்டு அவர் மறுபடியும் தவழ்ந்து வந்து, கணவரின் தலையை மார்போடு அணைத்துக்கொண்டு, "இருங்க, வந்துட்டாங்க, இருங்க" என்று அழுதார். அந்தக் குரலில் யாராலும் எந்த உத்தரவும் போட முடியாது.

சின்ன டாக்டர் சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டார். துளைகள் போட்டு உள்ளே போய், மாட்டிக்கொண்டிருந்த குடலை விடுவித்து, கறுக்கத் தொடங்கியிருந்த அதன் நிறம் திரும்பும் வரை காத்திருந்தார். பிறகு ஒட்டியிருந்ததைப் பொறுமையாகப் பிரித்து வலை வைத்தார். கண்டக்டர் கண் விழித்தபோது அவர் கட்டிலருகே நின்றிருந்தார்.

"ரொம்பக் கஷ்டமா இருந்ததா டாக்டர்?"

"கொஞ்சம் ஒட்டியிருந்துச்சு. நேரமெடுத்துப் பிரிச்சோம். அவ்வளவுதாங்க" என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். "இயக்குநருக்கு நீங்க சொந்தமா?"

விசாரணை வந்தது. யார் உத்தரவு போட்டது? இயக்குநரின் செயலாளர், தான் யாரையும் அழைக்கவில்லை என்றார். தொலைபேசிக்காரர், அழைத்தது பெண்குரல், அதட்டலில் சந்தேகமே இல்லை, அது ஆபீஸ் குரல்தான் என்று சத்தியம் செய்தார். செயலாளருக்கோ மீசை இருந்தது. சின்ன டாக்டரை வேலையைவிட்டு அனுப்புவதா என்று இரண்டு தலைவர்களும் யோசித்துக்கொண்டிருக்கையில் ஒரு பத்திரிகை செய்தி போட்டுவிட்டது: புரோஸ்டேட் எடுத்த வயிற்றில் அவசர லேப்ராஸ்கோப்பி, முதியவர் பிழைத்தார். அன்றைக்கே எல்லோருக்கும் ஞாபகம் திரும்பியது.

பாராட்டு விழாவில் கண்டக்டரை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் சக்கர நாற்காலியில் மனைவி. சின்ன டாக்டர் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் இருந்தார்.

லேப்ராஸ்கோப்பித் தலைவர் பேசினார். "அன்று நான் வெளியூரில் இருந்தேன். ஆனால் என் கைகள் இங்கேதான் இருந்தன." சிறுநீரகத் தலைவர் பேசினார். "என் ஆபரேஷனுக்குப் பிறகு யாருக்கும் குடல் இறங்குவதில்லை என்று எழுதியிருந்தேன். இப்போதும் பாருங்கள், அவருக்கு இறங்கவில்லை." கடைசியாக இயக்குநர் எழுந்தார். "உத்தரவு யாருடையது என்று கேட்கிறார்கள். நான்தான் போட்டேன். எந்தக் குரலில் போட்டேன் என்பது முக்கியமில்லை. இந்த மருத்துவமனையில் நல்லது எது நடந்தாலும் அது என் உத்தரவு. கெட்டது நடந்தால் அதற்குக் கமிட்டி இருக்கிறது."

கைதட்டலுக்கு நடுவே மனைவி கணவரின் காதில் சொன்னார். "நல்லாப் பேசறார். ஆனா வாக்கியத்தை முடிக்கிறாரே, இவரெல்லாம் எப்படி இயக்குநரானார்?"

கண்டக்டருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் வலித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கொஞ்ச நாளைக்கு எதையும் தூக்கக் கூடாது என்று சின்ன டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் தையல்காரம்மாவும் அவர் மகளும் முறை வைத்து வந்து மனைவியைத் தூக்கி உட்கார வைத்தார்கள். மனைவி தண்ணீரைத் தாராளமாகக் குடித்தார்.

ஒரு முற்பகலில், முன்பின் பார்த்திராத ஒரு பெரியவர் வாசலில் வந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை. வலது கை பேண்ட் பைக்குள் எதையோ அமுக்கிப் பிடித்திருந்தது. எப்படிப் பேச்சை எடுப்பது என்று தெரியாமல் காலணியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

"புரோஸ்டேட் ஆபரேஷன் பண்ணிக்கிட்டவன்மா நான்" என்று ஒருவழியாக ஆரம்பித்தார். "கமிட்டியில வெச்சிருக்காங்க. படுக்கச் சொன்னாங்க. படுத்தா போயிடுதும்மா. நான் என்ன பண்ணுவேன்? வீட்டுல எனக்கு யாருமில்ல. பத்திரிகையில பார்த்தேன். உங்களுக்கு இயக்குநரைத் தெரியும்னு..."

கண்டக்டர் மனைவியைப் பார்த்தார். பயந்துபோய்த் தலையை ஆட்டினார். "வேண்டாம்மா. ஒரு தடவை நடந்துச்சு. கண்டுபிடிச்சாங்கன்னா போலீஸ் வரும்."

"வரட்டுமே. நான் என்ன ஓடவா போறேன்?"

அவர் சக்கரத்தைத் தானே தள்ளிக்கொண்டு மேஜைக்குப் போனார். வந்தவரை உட்காரச் சொன்னார். வந்தவர் உட்கார்ந்தால் வலிக்கும் என்று நின்றுகொண்டார். கண்டக்டர் வாசல் கதவைச் சாத்த எழுந்து போனார். சாத்துமுன் தெருவைப் பார்த்தவர், சாத்தாமல் விட்டுவிட்டார்.

"ஏங்க, என்ன?"

"இன்னும் ரெண்டு பேர் வர்றாங்க. ஒரு கையைப் பையில விட்டுக்கிட்டு."

மனைவி தொலைபேசியை எடுத்தார். முகத்தில் இருந்த இரக்கத்தையெல்லாம் துடைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இயக்குநர் ஆபீஸ். லைன்ல இருங்க."